ரேஸ் காரை யார், எப்போது, எவ்வளவு மாற்றலாம்? 0.2 மில்லிமீட்டருக்குப் பின்னால் இருக்கும் காசுக் கணக்கு

வெள்ளை ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கும் வடக்குத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பண்ருட்டி போய்விட்டுத் திரும்பினால் காரின் பக்கவாட்டுக் கதவுகள் ஓரளவு சுத்தமாக இருக்கும், பின்கண்ணாடி மட்டும் அழுக்கு அப்பிக் கிடக்கும். நிலக்கரி லாரி, சாம்பல் லாரி, வருடக்கணக்கில் இழுத்த நாலுவழிச் சாலை வேலை என்று தூசிக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் அந்தத் தூசி ஏன் சரியாகப் பின்கண்ணாடியில் போய் உட்காருகிறது?

காற்று காரின் கூரை மேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. கூரை திடீரென்று முடிந்து கண்ணாடி செங்குத்தாக இறங்கும் இடத்தில் அதனால் அவ்வளவு சடாரென்று திரும்ப முடிவதில்லை. உடலைவிட்டுப் பிரிந்து, பின்னால் சுழல ஆரம்பிக்கிறது. அந்தச் சுழலுக்குள் காற்றழுத்தம் குறைவு. டயர் கிளப்பும் தூசியை அது உள்ளே இழுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறது. ஹேட்ச்பேக்குக்குப் பின்பக்க வைப்பர் கொடுப்பதும், செடானுக்குப் பெரும்பாலும் கொடுக்காததும் இதனால்தான்.

இதே படத்தைப் பார்க்க ஃபார்முலா 1 அணிகள் காசு செலவழிக்கின்றன. பிராக்டிஸ் நேரத்தில் காரின் மேல் பளிச்சென்ற பச்சை திரவத்தைப் பூசி ஓட்டுவார்கள். கார் உள்ளே வந்ததும் அந்தப் பச்சை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்துப் பார்ப்பார்கள். நம்ம ஊர் தூசி அதே வேலையை இலவசமாகச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்தப் பச்சைக் கோடுகளைப் பார்த்துவிட்டு காரை எவ்வளவு மாற்றலாம், எப்போது மாற்றலாம், அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற மூன்று கேள்விகள்தான் மோட்டார் ரேஸின் பாதி அரசியல். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் என்ற நம் இரண்டு ஃபார்முலா 1 ஓட்டுநர்களின் கதையும் அந்தக் கேள்விகளில்தான் மாட்டிக்கொண்டது.

ஸ்பாய்லர் ஒட்டினால் வேகம் வருமா?

விமானத்தின் இறக்கை காற்றை வைத்து மேலே தூக்குகிறது. அதே இறக்கையைத் தலைகீழாக மாட்டினால் கீழே அமுக்கும். ரேஸ் காரின் முன்விங், பின்விங் எல்லாம் இந்தத் தலைகீழ் இறக்கைதான். இந்த அமுக்கத்துக்குப் பெயர் டவுன்ஃபோர்ஸ். அமுக்கம் கூடினால் டயர் தரையைக் கெட்டியாகப் பிடிக்கும், வளைவில் வேகமாகத் திரும்பலாம். காரின் எடை கூடவில்லை, பிடி மட்டும் கூடுகிறது. அதுதான் இதில் உள்ள அழகு.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. விங் எவ்வளவு அமுக்குகிறதோ அந்த அளவுக்குப் பின்னாலும் இழுக்கும். இதை இழுவிசை என்கிறோம். நேர்ப்பாதையில் அது வேகத்தைக் குறைக்கும். வளைவுக்கு ஒரு விங், நேர்ப்பாதைக்கு ஒரு விங் என்று மாட்ட முடியாது, ஒரே விங்கில் சமாளிக்க வேண்டும். ஏரோடைனமிக்ஸ் என்ஜினீயரின் முழுநேரத் தலைவலி இது.

ஒரு கணக்கைப் பாருங்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விங் ஒரு பங்கு அமுக்கம் கொடுத்தால், 300 கிலோமீட்டரில் 25 பங்கு கொடுக்கும். ஃபார்முலா 1 கார் அதன் உச்ச வேகத்தில் தன் எடையைவிட அதிகமான டவுன்ஃபோர்ஸை உண்டாக்குகிறது. கணக்குப்படி பார்த்தால் சுரங்கப்பாதையின் கூரையில் தலைகீழாக ஓட்டலாம். யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

அப்படியானால் நம் ஸ்விஃப்ட்டிலும் ஐ20யிலும் ஒட்டியிருக்கும் ஸ்பாய்லர்? வடலூர் சிக்னலுக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் நாம் போகிற வேகத்தில் அது அழகுக்குத்தான். அழகுக்கு என்று சொல்லி ஒட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ரோட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. ரேஸ் உலகிலும் இதேபோல் ஒரு ஆர்.சி. புத்தகம் உண்டு. அது இன்னும் கறாரானது, மில்லிமீட்டரில் எழுதப்பட்டது.

ஒரு ஃபேன், ஒரே ஒரு ரேஸ்

விதிகள் எதற்கு, நல்ல மூளை இருப்பவன் ஜெயிக்கட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. 1960களின் கடைசியில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கார்களின் மேல் குச்சி குச்சியான கால்களில் உயரமாக விங் வைத்தார்கள். 1969 மே மாதம் பார்சிலோனாவின் மோன்ட்யூய்க் டிராக்கில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும், கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் இருவருக்குமே, விங் உடைந்து விபத்தானது. ரிண்ட் காயமடைந்தார். அடுத்த ரேஸ் மொனாக்கோ. அங்கே முதல் நாள் பிராக்டிஸ் முடிந்த பிறகு, ரேஸ் வாரத்தின் நடுவிலேயே, உயரமான விங்குகளைத் தடை செய்தார்கள். ஏற்கெனவே ஓட்டிய நேரங்களும் ரத்து. வந்த கார்களில் இருந்து விங்கைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள்.

1978 கதை இன்னும் சுவாரஸ்யம். அந்த வருடம் லோட்டஸ் 79 காரின் அடிப்பாகமே பெரிய விங்காக வேலை செய்து எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலடியாக பிரபம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் முர்ரே, காரின் பின்னால் ஒரு பெரிய ஃபேனை வைத்தார். அடியில் இருக்கும் காற்றை அது உறிஞ்சி வெளியே தள்ளியது. கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. அசையும் ஏரோடைனமிக்ஸ் பாகம் கூடாது என்று விதியில் இருந்தது. "இது ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன்" என்றார்கள். கொஞ்சம் குளிர்வித்ததும் உண்மைதான். ஸ்வீடன் ஆண்டர்ஸ்டார்ப்பில் நிக்கி லாவுடா அதை ஓட்டி அரை நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். மற்ற அணிகள் கொதித்தன. அணி முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டனே காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜெயித்தது செல்லும், ஆனால் அந்தக் கார் மறுபடி வரவில்லை.

எனக்கு முர்ரே மேல் மரியாதை உண்டு. விதியின் ஒரு வார்த்தையைப் படித்து அதற்குள் ஒரு ஃபேனையே நுழைத்தவர். ஆனால் அது தொடர்ந்திருந்தால் அடுத்த மாதம் எல்லோரும் ஃபேன் வைத்திருப்பார்கள், அதற்கடுத்த மாதம் பெரிய ஃபேன். முடிவில் அதிகம் செலவழித்தவன் ஜெயிப்பான். தடைகள் பெரும்பாலும் உயிர்ப் பயத்தில் ஆரம்பிக்கின்றன, பிறகு காசுக் கவலையில் தொடர்கின்றன.

தொட்டால் 50,000 யூரோ

"எதை மாற்றலாம்" என்பது ஒரு வேலி. "எப்போது மாற்றலாம்" என்பது இன்னொரு வேலி. இதற்குப் பிரெஞ்சில் 'பார்க் ஃபெர்மே' என்று பெயர். மூடிய நிறுத்துமிடம் என்று அர்த்தம். தகுதிச் சுற்றில் கார் களமிறங்கியதிலிருந்து ரேஸ் தொடங்கும் வரை காரின் அமைப்பைத் தொடக்கூடாது. முன்விங்கின் மடிப்புக் கோணத்தைக் கொஞ்சம் திருப்பலாம், டயர் மாற்றலாம். சஸ்பென்ஷனை மாற்றினாலோ வேறு வகை பின்விங் மாட்டினாலோ, மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு பிட் லேனிலிருந்துதான் ரேஸைத் தொடங்க வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? முன்பெல்லாம் பணக்கார அணிகள் தகுதிச் சுற்றுக்கு ஒரு கார், ரேஸுக்கு ஒரு கார் என்கிற அளவுக்கு எல்லாவற்றையும் மாற்றுவார்கள். ராத்திரி முழுக்க மெக்கானிக்குகள் தூங்காமல் வேலை பார்ப்பார்கள். 2003இல் இந்த விதி வந்ததும் அது அடங்கியது.

2021 நவம்பரில் பிரேசிலில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். லூயிஸ் ஹாமில்டன் தகுதிச் சுற்றில் முதலிடம். அதன்பின் சோதித்தபோது, அவருடைய பின்விங்கில் திறக்கும் மடிப்பு விதித்த 85 மில்லிமீட்டரைவிட 0.2 மில்லிமீட்டர் அதிகமாகத் திறந்தது. உள்நோக்கம் இல்லை என்று நடுவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் தகுதி நீக்கம். ஸ்பிரிண்ட் ரேஸில் கடைசி இடத்திலிருந்து கிளம்பி ஐந்தாவது வந்தார். என்ஜின் மாற்றியதற்கான தண்டனையும் சேர்ந்ததால் ஞாயிறன்று பத்தாவது இடத்தில் இருந்து கிளம்பி, ரேஸையே ஜெயித்தார். அதே வாரம் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், நிறுத்தியிருந்த ஹாமில்டனின் காரில் பின்விங்கைக் கையால் தொட்டுப் பார்த்தார். 50,000 யூரோ அபராதம். தொட்டதற்கு!

2025 சீன ரேஸிலும் ஹாமில்டனுக்கு இதே கதி. காரின் அடியில் இருக்கும் பலகை அனுமதித்த அளவைவிட அரை மில்லிமீட்டர் போலத் தேய்ந்திருந்தது, தகுதி நீக்கம். கார் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறதோ அவ்வளவு டவுன்ஃபோர்ஸ். அந்தப் பலகை தேய்ந்தால் கார் ரொம்பத் தாழ்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சாட்சி சொல்ல ஆள் வேண்டாம், பலகையே சொல்லிவிடும்.

இண்டியானாபோலிஸ் 2005: "ஆறு பேரில் நாலாவது"

இனி நம் ஆட்கள். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காகக் களமிறங்கினார். ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருடம் கார்கள் ரொம்ப வேகமாகிவிட்டன என்று சொல்லி விதிகளை மாற்றியிருந்தார்கள். முன்விங்கை உயர்த்தினார்கள், அடிப்பாகத்தின் பின்பகுதியைச் சுருக்கினார்கள், டவுன்ஃபோர்ஸ் குறைந்தது. இன்னொரு பெரிய மாற்றம் டயரில். தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர். பஞ்சரானாலோ சேதமானாலோ ஒழிய நடுவில் மாற்றக்கூடாது.

ஜூன் 17, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். 13ஆவது வளைவு சரிவாகக் கட்டப்பட்ட அதிவேக வளைவு. அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா, டயர் கோளாறால் சுவரில் மோதியது. டயர் மிஷெலின். சோதித்துவிட்டு மிஷெலின் நிறுவனமே சொன்னது, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் எங்கள் டயர் முழு ரேஸுக்குத் தாங்கும் என்று உறுதி தர முடியாது. வளைவுக்கு முன்னால் ஒரு தடுப்பு வளைவு போடுங்கள் என்று மிஷெலின் அணிகள் கேட்டன. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. விதிப்படி சரியான டயரோடு வந்தவர்களுக்கு அது அநியாயம் என்றது. வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள் என்றது.

ஜூன் 19 ஞாயிறன்று, 20 கார்கள் வார்ம்-அப் சுற்று போயின. சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் நேராக கராஜுக்குள் போய்விட்டன. கட்டத்தில் நின்றவை ஆறு. ஃபெராரி இரண்டு, ஜோர்டன் இரண்டு, மினார்டி இரண்டு. எல்லாமே பிரிட்ஜ்ஸ்டோன் டயர். ரசிகர்கள் கோபத்தில் பாட்டில்களை எறிந்தார்கள். மைக்கேல் ஷூமாக்கர் முதல், பாரிக்கெல்லோ இரண்டு, ஜோர்டனின் மோன்டெய்ரோ மூன்று, நரேன் நாலு. 5 பாயிண்ட். ஃபார்முலா 1இல் ஒரு இந்தியர் எடுத்த முதல் பாயிண்ட் அது. நரேன் அங்கே எடுத்த பாயிண்டும் அது மட்டும்தான்.

"ஆறு பேரில் நாலாவது" என்று இன்றைக்கும் கிண்டல் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்று, அந்த விதிக்குத் தாங்கும் டயரோடு வந்தவர்கள் ஓட்டினார்கள். விதியை நடுவில் வளைத்திருந்தால் அந்த 14 கார்களுக்கு வசதி. அப்படி வளையாமல் நின்றதால் நஷ்டம் ரசிகர்களுக்கு, அது மறுக்க முடியாது. டிக்கெட் பணத்தை மிஷெலின் திருப்பித் தந்தது வேறு விஷயம். ஆனால் பெரும்பாலான வாரங்களில் கடைசி வரிசையில் நின்ற ஒரு ஏழை அணிக்கு, விதி என்ற ஒன்று இருந்ததால் பலன் கிடைத்த நாள் அது. அந்த மாதிரி நாள் நம் ஆட்களுக்கு மறுபடி வரவே இல்லை.

சந்தோக் நம்பிப் போன பஸ்

2009இல் சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் மேக்ஸ் மோஸ்லி. புது அணிகளே, வாருங்கள் என்று அழைத்தார். 2010 முதல் வருடத்துக்கு 4 கோடி பவுண்டுக்குள் செலவை அடக்கிக்கொள்ளும் அணிக்கு, காரை மாற்றுவதில் கூடுதல் சுதந்திரம் உண்டு, அசையும் விங்கூட வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார். பெரிய அணிகள் இதைக் கேட்டதும் தனி சாம்பியன்ஷிப் நடத்துவோம் என்று மிரட்டின. செலவு வரம்பு கைவிடப்பட்டது.

ஆனால் புது அணிகள் பஸ் ஏறிவிட்டன. அதில் ஒன்று ஸ்பெயினின் ஹிஸ்பானியா, சுருக்கமாக ஹெச்ஆர்டி. சென்னையின் கருண் சந்தோக் அந்த அணியின் ஓட்டுநர். 2010 மார்ச், பஹ்ரைன். அவருடைய கார் அசெம்பிள் ஆகி முடிந்ததே தகுதிச் சுற்று நேரத்தில்தான். மற்றவர்கள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்த கார்களோடு, அவர் தன் காரில் போட்ட முதல் சுற்றே தகுதிச் சுற்று. யோசித்துப் பாருங்கள், புது ஆபீஸில் சேர்ந்த அன்றைக்கே, லேப்டாப்பை ஆன் செய்த முதல் நிமிடத்தில் கிளையன்ட் முன்னால் பிரசென்டேஷன்.

காரை வடிவமைத்தது இத்தாலியின் டல்லாரா. சீசன் நடுவில் அந்த நிறுவனத்தோடும் அணிக்கு உறவு முறிந்தது. பெரிய அணிகள் ரேஸுக்கு ரேஸ் புது விங், புது அடிப்பாகம் கொண்டுவந்தன. ஹெச்ஆர்டி கிட்டத்தட்ட மார்ச்சில் ஓட்டிய காரையே வருடம் முழுக்க ஓட்டியது. மாற்றும் உரிமை அவர்களுக்கும் இருந்தது. மாற்றக் காசு இல்லை. சந்தோக் ஆஸ்திரேலியாவில் 14ஆவதாக முடித்தார். பாதி சீசனில் அவருடைய இருக்கை வேறொருவருக்குப் போனது.

அடுத்த வருடம் அதே அணியில் நரேன். 2011இல் 107 சதவீத விதி திரும்ப வந்தது. தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் மிக வேகமானவர் 90 விநாடி எடுத்தால், நீங்கள் 96.3 விநாடிக்குள் முடிக்க வேண்டும். இல்லையென்றால் ரேஸில் இடமில்லை. மெல்போர்னில் முதல் ரேஸிலேயே ஹெச்ஆர்டியின் இரண்டு கார்களும் வெளியே. 2012இல் அதே மெல்போர்னில் மறுபடியும் அதேதான். ஓட்டத் தெரியாதவர்கள் என்று டிவி முன்னால் உட்கார்ந்து சொல்வது எளிது. 2011 அக்டோபரில் நொய்டா அருகே புத் சர்க்யூட்டில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரியில் நரேன் 17ஆவதாக முடித்தார். அந்தக் காரில் அது நல்ல ஓட்டு. 2012 முடிவில் ஹெச்ஆர்டி ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் மூடப்பட்டது. அதே அழைப்பை நம்பி வந்த மற்ற இரண்டு அணிகளும் பெயர் மாறி, கை மாறி, 2017 தொடக்கத்துக்குள் காணாமல் போயின.

அதில் வர்ஜின் அணி காற்றுச் சுரங்கமே இல்லாமல், முழுக்க கம்ப்யூட்டரிலேயே காரை வடிவமைத்தது. செலவைக் குறைக்கும் துணிச்சலான முயற்சி. ஆனால் பெட்ரோல் டேங்க் சில ரேஸ்களுக்குப் போதாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது. சேசிஸை மாற்ற விசேஷ அனுமதி வாங்க வேண்டி வந்தது.

காசுக்கும் வேலி

மோஸ்லி சொன்ன செலவு வரம்பு கடைசியில் 2021இல் வந்தது. பதினோரு வருடம் லேட். வருடத்துக்கு 14.5 கோடி டாலர் என்று ஆரம்பித்து, பிறகு குறைத்தார்கள். ஓட்டுநர் சம்பளம் போன்ற சில இதில் சேராது.

அதைவிட எனக்குப் பிடித்தது காற்றுச் சுரங்க விதி. காற்றுச் சுரங்கத்தில் காரின் மாதிரியை வைத்து, ஃபேனால் காற்றை ஓடவிட்டு டவுன்ஃபோர்ஸ் அளப்பார்கள். மாதிரி நிஜக் காரின் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, காற்றின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. எத்தனை முறை ஓட்டலாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2022 முதல் வந்த கணக்குப்படி, சுமார் எட்டு வார காலத்துக்கு அடிப்படை அளவு 320 ஓட்டம். சாம்பியன் அணிக்கு அதில் 70 சதவீதம், அதாவது 224. பத்தாவது வந்த அணிக்கு 115 சதவீதம், 368. ஜெயித்தவனுக்குக் குறைவு, தோற்றவனுக்கு அதிகம். கம்ப்யூட்டர் சோதனைக்கும் இதே விகிதம்.

இதை இடஒதுக்கீடு என்று சிலர் நக்கல் செய்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2021 செலவு வரம்பை மீறியதற்காக ரெட் புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதமும், காற்றுச் சோதனையில் 10 சதவீதக் குறைப்பும் விதித்தபோது, அணியின் தலைவர் அதிகம் புலம்பியது அந்த 10 சதவீதத்துக்குத்தான். காசு போனால் சம்பாதிக்கலாம். சோதனை நேரம் போனால் அடுத்த விங் லேட் ஆகும். 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் திணறிய மெக்லாரன், 2024இலும் 2025இலும் அணிகளுக்கான சாம்பியன்ஷிப்பை வென்றது. இந்த விதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், நல்ல தலைமையும் புதுக் காற்றுச் சுரங்கமும் சேர்ந்தன. ஆனால் 2010 விதிகளில் இப்படி ஒரு ஏற்றத்தை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

2026 முதல் வந்திருக்கும் விதிகளில் முன்விங், பின்விங் இரண்டுமே ஓடும்போது அசையும். வளைவில் அமுக்கும், நேர்ப்பாதையில் படுத்துக்கொள்ளும். 1978இல் ஃபேனோடு துரத்தப்பட்ட யோசனையின் தூரத்துச் சொந்தம்தான் இது.

நம்ம ஊரில் யார் விங் செய்கிறார்கள்?

கேள்வி இங்கேதான் நம் பக்கம் திரும்புகிறது. தமிழ்நாட்டில் ரேஸ் புதுசு இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த தாத்தாக்கள் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990இலிருந்து இருக்கிறது. 1980களின் கடைசியில் கோவையின் எஸ். கரிவர்தன், மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை இங்கேயே செய்தார். ஃபார்முலா மாருதி என்று அது ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடம். நரேன்கூட அதில் ஓட்டியவர்தான். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் நிற்கிறது. பிறகு அதே கோவையின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் ஃபார்முலா எல்ஜிபி வந்தது. அந்தக் காரில் விங்கே கிடையாது. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே என்ஜின். அப்பாவின் பர்ஸை விட்டுவிட்டு பையனின் கையைப் பார்க்கும் ஏற்பாடு அது. அருமையான ஏற்பாடு.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் இரவு ரேஸ் நடந்தது. அரசுப் பணம் எதற்கு என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டையில் யாரும் கேட்காத ஒன்று, அங்கே ஓடிய கார்கள் எங்கிருந்து வந்தன? ஃபார்முலா 4 கார் பிரான்ஸின் மைகேல். இன்னொரு போட்டியின் கார் இத்தாலியின் உல்ஃப். எல்லோருக்கும் ஒரே மாதிரி, விங்கைக் கழற்றி வேறு மாட்ட அனுமதி இல்லை. ஓட்டுநருக்கு நியாயம், சரி. ஆனால் நம் என்ஜினீயருக்கு அங்கே என்ன வேலை? நட்டு முடுக்குவதும், அனுமதித்த கோணத்துக்குள் விங்கைத் திருப்புவதும்.

அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது, வடக்குத்து டீக்கடை வரைக்கும் கொண்டாட்டம் இருந்தது. அந்தக் கார் போர்ஷே. அதன் விங்கை வரைந்தவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள்.

வடக்குத்து, இந்திரா நகர் பக்கம் வீட்டுக்கு ஒரு என்ஜினீயர் உண்டு என்று சொன்னால் அதிகம் மிகையில்லை. அப்பா என்எல்சி, பிள்ளை மெக்கானிக்கல் படித்துவிட்டு சென்னையிலோ பெங்களூருவிலோ. அதில் சிலர் காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் வேலையில், யாரோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் காருக்கோ டர்பைனுக்கோ, இருக்கிறார்கள். திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியைப் பாருங்கள். கல்லூரி மாணவர்கள் சேசிஸிலிருந்து விங் வரை தாங்களே செய்த காரைக் கொண்டுவருகிறார்கள். சென்னை ஐஐடியின் ரஃப்தார் மாதிரியான அணிகள் வருடா வருடம் உழைக்கின்றன. ஆனால் டிகிரி முடிந்ததும் அந்த வேலைக்கு இங்கே அடுத்த படி இல்லை. ஓட்டுகிற பையனுக்கு கார்ட்டிங், எல்ஜிபி, ஃபார்முலா 4 என்று ஏணி இருக்கிறது. வரைகிற பெண்ணுக்கு அந்த ஏணியில் ஒரு படிகூடக் கிடையாது.

எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹெச்ஆர்டி காட்டிவிட்டது. இப்போது இருக்கும் எல்ஜிபி காரையே எடுத்துக்கொள்ளலாம். சேசிஸ், என்ஜின், டயர் எல்லாம் ஒன்றுதான், அதில் கை வைக்க வேண்டாம். முன்விங்கும் பின்விங்கும் மட்டும் அணிகள் தாங்களே வரையட்டும். ஒவ்வொரு அணியிலும் ஒரு கல்லூரி இருக்க வேண்டும். ஒரு சீசனுக்கு இரண்டு வடிவம், அதற்கு மேல் மாற்றக்கூடாது. செலவுக்கு ரூபாயில் உச்சவரம்பு, ரசீது காட்ட வேண்டும். சென்னை ஐஐடியிலும் குரோம்பேட்டை எம்ஐடியிலும் காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன. அதில் கடைசி இடம் வந்த அணிக்கு அதிக நேரம், முதலில் வந்த அணிக்குக் குறைந்த நேரம் கொடுக்கலாம். விங் உடைந்து விழாமல் இருக்க, ரேஸுக்கு முன்னால் எடை தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும். 1969இல் பார்சிலோனாவில் அதைத்தான் யாரும் செய்யவில்லை.

செலவு அதிகமாகும், விபத்து நடக்கும் என்று இதற்கு ஆட்சேபணை வரும். இரண்டும் நியாயமான கவலைதான். அதற்குத்தான் உச்சவரம்பும் எடைச் சோதனையும். ஒரு இரவு ரேஸுக்குச் சாலை போட்டு, தடுப்பு வைத்து, விளக்குக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால், மாணவர்கள் ஃபைபரில் செய்யும் ஒரு ஜோடி விங்கின் செலவு ரொம்பச் சின்னது.

விதிப் புத்தகத்தில் இதற்கு நாலு பக்கம் போதும். இந்தியாவில் மோட்டார் ரேஸுக்கு விதி எழுதுவது எஃப்எம்எஸ்சிஐ கூட்டமைப்பு. அதன் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.